கால் தரையில் படட்டும்

களுதாவளையில் எழுபது வயது ஓய்வெடுக்கும் வயது இல்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மட்டக்களப்பு–கல்முனை வீதி ஓடும் மணல் நிலம் இது. வெற்றிலை, மிளகாய், கத்தரி, வெங்காயம் என்று எதை நட்டாலும் இந்த மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது; நாள் தவறாமல் ஊற்ற வேண்டும். களை பிடுங்கக் குந்த வேண்டும், கொடி கட்ட எழும்ப வேண்டும், இலை கிள்ளக் கையை உயர்த்தி நிற்க வேண்டும். ஆயுள் முழுதும் இப்படிக் குனிந்து நிமிர்ந்தே உரமேறிய உடம்புகள் இந்த ஊரில் நிறைய.

அப்படியான ஒருவர் நிமோனியாக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடந்துதான் உள்ளே போகிறார். பத்து நாள் மருந்து ஏறுகிறது. காய்ச்சல் விடுகிறது, மூச்சு சீராகிறது, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஓட்டோவிலிருந்து இறங்கியவருக்கு வாசலில் உள்ள மூன்று படி ஏற முடியவில்லை. மகளும் மருமகனும் இரு பக்கமும் தாங்கி உள்ளே கொண்டுபோகிறார்கள். பார்க்க வந்தவர்கள், "வயசு போயிற்று, இனி இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வயது பத்து நாளில் போய்விடாது. அந்தக் கால்களின் பலத்தை நிமோனியா ஓரளவு எடுத்தது உண்மை. மீதியை எடுத்தது கட்டில். இதைச் சொல்வதற்கு அறிவியலில் உறுதியான ஆதாரம் இருக்கிறது. அதைத் தடுப்பதற்கான வழியும் இருக்கிறது. அது பெரும்பாலும் தாதியரின் கையிலும், நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டாரின் கையிலும் இருக்கிறது.

1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலில் படுக்க வைத்து ஆராய்ந்தார்கள். நோய் எதுவும் இல்லை, படுத்திருந்தது மட்டும்தான். எழும்பியபோது, கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் அதே ஐவரையும் முப்பது ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். அவர்களுக்கு அப்போது ஐம்பது வயது. முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்தது, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை எடுத்ததைவிடக் குறைவாக இருந்தது.

இளைஞர் அதை மீட்டுக்கொள்வார். முதியவர் கதை வேறு. 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், சராசரி 67 வயதுள்ள நோயற்ற பதினொரு பேர் பத்து நாள் படுத்திருந்தார்கள். போதிய புரதத்தோடு சாப்பாடும் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசை கரைந்தது. இளைஞர்கள் நான்கு வாரம் படுத்து இழந்ததைவிட இது அதிகம். தசை கட்டும் வேகம் முப்பது சதவீதம் விழுந்திருந்தது.

ஏன் இப்படி? தசை என்பது ஒருமுறை கட்டி முடித்த பொருள் இல்லை. ஒவ்வொரு நாளும் அதில் கொஞ்சப் புரதம் உடைகிறது, கொஞ்சம் புதிதாகச் சேர்கிறது. சேர்க்கச் சொல்லும் கட்டளைகளில் முதன்மையானது சுமை. உடலின் பாரத்தைத் தாங்கி நிற்கும்போது தொடையின் முன்தசைக்கும் கெண்டைக்காலுக்கும் பிட்டத்துக்கும் அந்தக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. படுத்ததும் அது நின்றுவிடுகிறது. உடைவது மட்டும் நிற்பதில்லை. காய்ச்சலும் கிருமித்தொற்றும் உடைவதை இன்னும் வேகப்படுத்துகின்றன. பாரம் தாங்கும் வேலை நின்றுபோவதால்தான் கைகளைவிடக் கால்கள் முதலில் மெலிகின்றன. பத்து நாள் படுத்தவர் தேநீர்க் கோப்பையைச் சரியாகப் பிடிப்பார், ஆனால் கதிரையிலிருந்து எழும்ப மாட்டார்.

கதிரையிலிருந்து எழும்புவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறோம். இளைஞர் ஒருவர் அதற்குத் தன் தொடைப் பலத்தில் பாதியைக்கூடச் செலவிடுவதில்லை. தளர்ந்த முதியவருக்கோ இருக்கும் பலம் ஏறக்குறைய முழுதும் அதற்கே போகிறது. கையிருப்பு இல்லாத அந்த நிலையில் பத்திலொரு பங்கு பலம் போனாலும் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக எழும்புவது என்ற ஒன்று இல்லை, அவரால் எழும்பவே முடியாது. நேற்று வரை தானே மலசலகூடத்துக்குப் போனவர் இன்று பிறர் கையை எதிர்பார்ப்பவராகிறார். வீட்டாருக்கு இது திடீரென்று நடந்தது போலத் தெரியும். உள்ளே அது ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருந்தது.

குருதியோட்டத்துக்கும் இதே கதிதான். நாம் எழுந்து நிற்கும்போது அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து நாடிகளிலும் இதயத்துக்கு மேலுள்ள பெருநாடியிலும் இருக்கும் அமுக்க உணரிகள் அதைக் கண நேரத்தில் அறிந்து, குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகப்படுத்தி, மூளைக்குப் போகும் குருதியைக் காப்பாற்றுகின்றன. படுத்தே கிடப்பவருக்கு இந்த வேலை இல்லை. மேலே தேங்கும் குருதியைக் கண்டு நீர் மிகையாக இருக்கிறது என்று உடல் கருத, சிறுநீரகங்கள் அதை வெளியேற்றுகின்றன. சில நாட்களிலேயே குருதியின் கன அளவு குறைகிறது. பிறகு ஒரு நாள் திடீரென்று எழுப்பி நிறுத்தினால் கண் இருண்டு விழுகிறார். நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அமுக்கம் 20 புள்ளி இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம் என்பது மருத்துவ வரையறை.

கெண்டைக்காலின் ஆழ்நாளங்களில் சிறு கதவுகள் உள்ளன. நடக்கும்போது சுற்றியுள்ள தசை அந்த நாளங்களைப் பிழிய, கிணற்றடிக் கைப்பம்பியைப் போலக் குருதி மேலே ஏறுகிறது, கதவுகள் அதைத் திரும்பி இறங்க விடுவதில்லை. கால் அசையாதபோது பம்பி நிற்கிறது, குருதி தேங்குகிறது, உறையவும் கூடும். அந்தக் கட்டி உடைந்து சுவாசப்பைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சுவாசப்பையும் படுக்கையில் தப்பாது. மல்லாந்து கிடக்கும்போது வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, சுவாசப்பையின் அடிப்பாகங்கள் சுருங்கி மூடுகின்றன, சளி அங்கேயே தங்குகிறது. நிமோனியாவுக்காகப் படுத்தவருக்குப் படுத்ததாலேயே நிமோனியா நீடிக்கலாம். இவற்றோடு பின்இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப் புண், கணுக்கால் கீழ்நோக்கி விறைத்துப் பாதம் தரையில் தட்டையாகப் பதியாமல் போவது, மலச்சிக்கல், இரவும் பகலும் தெரியாத மனக்குழப்பம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு கெடுதல் செய்யும் படுக்கை எப்படி மருத்துவமானது? லண்டன் அறுவை மருத்துவர் ஜோன் ஹில்டன் 1863இல் வெளியிட்ட நூல், ஓய்வே இயற்கையின் மருந்து என்ற எண்ணத்தை ஆங்கில மருத்துவத்தில் ஆழ ஊன்றியது. முறிந்த எலும்புக்கு அது சரிதான். ஆனால் அந்த ஓய்வு மெல்ல மெல்ல எல்லா நோய்க்கும் பொதுவாகிவிட்டது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம்வரை திரும்பிப் படுக்கவும் விடாமல் வைத்திருந்த காலம் உண்டு. ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் 1947இல் பிரித்தானிய மருத்துவ இதழில் படுக்கைக்குப் போவதன் ஆபத்துகளைப் பற்றி எழுதினார். 1952இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவைனும் பேர்னார்ட் லவுனும், மாரடைப்பு வந்த 81 பேரை முதல் சில நாட்களிலேயே கைக்கதிரையில் உட்கார வைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். கதிரை அவர்களைக் கொல்லவில்லை, தேற்றியது. 1999இல் லான்செட் இதழில் 39 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், படுக்கை ஓய்வால் எந்த ஒரு விளைவும் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை என்றும் பல விளைவுகள் மோசமாயின என்றும் கண்டார்கள்.

அப்படியிருந்தும் பழக்கம் போகவில்லை. நடக்கக்கூடிய நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 45 முதிய ஆண்களின் காலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி அமெரிக்காவில் பார்த்தார்கள். 2009இல் முடிவு வெளிவந்தது. தங்கியிருந்த நேரத்தில் 83 சதவீதத்தை அவர்கள் கட்டிலில் படுத்தபடி கழித்திருந்தார்கள். வாட்டில் போடும் ஒரே தளபாடம் கட்டில் என்றால், மனிதர் அதில்தான் கிடப்பார்.

எனவே நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்குவது ஓய்ந்த நேரத்தில் செய்யும் உபகாரம் இல்லை. ஊசி போடுவதைப் போல, மருந்து கொடுப்பதைப் போல அதுவும் சிகிச்சை. தாதியத்தின் அடிப்படைப் பணிகளைப் பதினான்காக வகுத்த வேர்ஜீனியா ஹென்டர்சன், நோயாளி அசையவும் ஏற்ற நிலையில் இருக்கவும் உதவுவதை அவற்றில் ஒன்றாக வைத்தார். பிசியோதெரபிஸ்ட் நாளுக்கு ஒரு தடவை வரலாம், சில இடங்களில் அதுவும் இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டிலருகே இருப்பவர் தாதி. மீதி நேரத்தில் கால்கள் என்ன செய்கின்றன என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார்.

கட்டிலிலிருந்து இறக்குவது எப்படி நடக்கிறது என்று கிட்ட நின்று பார்ப்போம். காலை ஏழு மணி. தாதி முதலில் குறிப்பைப் பார்க்கிறார்: இரவு காய்ச்சல் இருந்ததா, நாடி எப்படி, பிரஷர் எப்படி, வலி மருந்து கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று. வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில்தான் எழுப்ப வேண்டும். வலியோடு எழுப்பினால் நாளைக்கு அவர் கட்டிலை விட்டு வரமாட்டார். கட்டிலின் சக்கரத்தைப் பூட்டி, உயரத்தைத் தாழ்த்தி, சேலைன் தாங்கியை எட்டும் தூரத்தில் வைத்து, சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழே இருக்கும்படி கொளுவுகிறார். கழன்று விழும் றப்பர் செருப்பு கூடாது. குதிக்காலைப் பிடிக்கும் செருப்பு வேண்டும், இல்லாவிட்டால் வெறுங்கால் மேல். சாறன் தரையில் இழுபடாமல் மடித்துக் கட்டியாயிற்று. பிறகுதான் பேச்சு.

"ஐயா, ஒரு பக்கமாச் சரிஞ்சு, காலக் கீழ தொங்கப் போட்டு இரிங்க. ஒழும்ப வேணாம், சும்மா இரிங்க."

"தலை கொஞ்சம் கிறுகுது புள்ள."

"சரி, பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுங்க. கிறுகுறது நிண்ட பிறகு மறுகா ஒழும்புவம்."

அந்த ஒரு நிமிடத்தில் நிறைய நடக்கிறது. பாதத்தை ஆட்டும்போது கெண்டைக்கால் குருதியை மேலே அனுப்புகிறது, அமுக்க உணரிகள் விழித்துக்கொள்கின்றன, தலைச்சுற்று அடங்குகிறது. அடங்காவிட்டால் மறுபடி படுக்க வைத்துப் பிரஷர் பார்ப்பார். அடங்கினால், கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, இரு பாதங்களையும் முழங்காலுக்குப் பின்னே இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னே குனிந்து, கட்டிலில் கையை ஊன்றி எழும்பச் சொல்வார். முன்னே குனிவதுதான் இதில் சூட்சுமம். உடல் பாரம் பாதங்களுக்கு மேலே வராமல் எவராலும் எழும்ப முடியாது. நோயாளிகள் பயத்தில் பின்னே சாய்வார்கள், அதனால்தான் இருவர் தூக்க வேண்டி வருகிறது. தாதி அவருடைய பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னே நிற்கிறார். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதில்லை. எழும்பியது அவர், தாதி விழாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பாரிசவாதம் வந்தவர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் தினமும் நடக்கும் தவறு இது. செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தோள்மூட்டைப் பொருத்தி வைத்திருப்பது அதைச் சுற்றியுள்ள தசைகள். அவை தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு நழுவும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். இடுப்பைப் பிடியுங்கள், கையை அல்ல. படுத்திருக்கும்போதும் அந்தக் கைக்குத் தலையணை கொடுங்கள்.

கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்கும் வேலை உண்டு. மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் பத்து முறை ஆட்டுவது, முழங்காலின் பின்புறத்தால் மெத்தையை அழுத்தி ஐந்து எண்ணுவது, குதிக்காலைப் பிட்டத்தை நோக்கி இழுத்து நீட்டுவது, முழங்கால்களை மடித்து இடுப்பை மேலே தூக்குவது. கடைசியாகச் சொன்னது படுக்கையில் மலம் கழிக்கும் பாத்திரம் வைக்கவும் உதவும், படுக்கைப் புண் வரும் இடத்துக்கு மூச்சும் கொடுக்கும். நினைவில்லாதவருக்கு மூட்டுகளைத் தாதி அசைத்துக் கொடுக்கிறார்: மூட்டுக்கு மேலும் கீழும் கை வைத்துத் தாங்கி, மெதுவாக, தடை தெரியும் இடத்தோடு நிறுத்தி. ஆனால் பிறர் அசைத்துக் கொடுக்கும் காலில் தசை வளராது. மூட்டின் இலகுவைக் கொஞ்சம் காக்கலாம், தோலைப் பார்க்கலாம், நோயாளியோடு பேசலாம். பலம் வர வேண்டுமானால் அவர் தன் சொந்த முயற்சியில் தசையைச் சுருக்க வேண்டும். எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான். இதம் தரும், அன்பைச் சொல்லும், பலம் தராது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே குருதிக் கட்டி இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அசைவு நல்லது என்பதால் அளவில்லாமல் கொடுக்கலாம் என்று நினைப்பதும் பிழை. மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளில் பாரிசவாதம் வந்த 2,104 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2015இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் நீண்ட நேரமும் எழுப்பி நடத்தியவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தார்கள். தொடர்ந்து பார்த்தபோது, குறுகிய நேரமாகப் பல தடவை எழுப்புவதே நல்லது என்று தெரிந்தது. நிலைப்படுத்தாத முள்ளந்தண்டு முறிவு, தொடரும் நெஞ்சுவலி, குருதிப்போக்கு, பிரஷர் விழுந்துகொண்டிருக்கும் நிலை ஆகியவற்றில் மருத்துவர் சொல்லும்வரை கட்டிலே இடம். மருந்துக்கு அளவு இருப்பது போல அசைவுக்கும் அளவு இருக்கிறது.

அளவோடு கொடுத்தால் என்ன கிடைக்கும்? ஸ்பெயினின் பம்ப்லோனா நகர ஆஸ்பத்திரியில் சராசரி 87 வயதுள்ள 370 நோயாளிகளை இரு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிடம், எழும்புதல், கால் பலப்பயிற்சி, சமநிலை, நடை. ஏறத்தாழ ஒரு வாரம். குளித்தல், உடுத்தல், சாப்பிடுதல், நடத்தல் எல்லாவற்றையும் சேர்த்து நூறு புள்ளிக்கு அளக்கும் பார்தெல் அளவுகோலில் முதற் கூறு ஐந்து புள்ளி இழந்து வீடு போனது. இரண்டாம் கூறு ஏறத்தாழ இரண்டு புள்ளி கூடிப் போனது. 2019இல் வெளிவந்த ஆய்வு இது. அதற்கும் முன்னே, 1990இல், பொஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பலப்பயிற்சி கொடுத்தார்கள். தொடைப் பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதுத் தசையும் சுமையின் கட்டளையைக் கேட்கிறது.

எனக்கு எல்லாவற்றிலும் அதிக நம்பிக்கை தருவது நியூசிலாந்தில் நடந்தது. அங்கே வீடு வீடாகப் போகும் தாதி ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, 75 வயதுக்கு மேற்பட்டவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். கணுக்காலில் சிறு பாரம் கட்டிக் கால் நீட்டுவது, ஒற்றைக் கோட்டில் நடப்பது, கையூன்றாமல் எழும்புவது போன்ற எளிய பயிற்சிகள்தான். 240 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் விழுவது 46 சதவீதம் குறைந்ததாக 2001இல் அறிவித்தார்கள். பெரிய கருவி இல்லை, தனி நிபுணர் இல்லை. நன்றாகச் சொல்லிக் கொடுத்த ஒரு தாதி.

இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 சதவீதம், அதன் பிறகு அவர்கள் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. களுதாவளைக்கு அடுத்த ஊரிலேயே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை இருக்கிறது, அதற்கு மேல் தேவையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. ஆனால் ஆஸ்பத்திரி நாட்கள் சில. அதற்குப் பிறகான மாதங்கள் வீட்டில். மட்டக்களப்பில் வீடு மகளுக்குப் போகும் வழக்கம் என்பதால் வயதான தாய் தகப்பன் பெரும்பாலும் மகளின் வீட்டில் அல்லது அதே வளவில் இருப்பார்கள். நோயில் பார்ப்பவளும் அவள்தான். "நீங்க அசையாமப் படுங்கப்பா, நான் தீத்தி விடுறன்" என்று அவள் சொல்வது முழு அன்போடுதான். அந்த அன்பே அவருடைய கால்களை எடுத்துவிடக்கூடும் என்று அவளிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? துண்டு வெட்டும் நேரத்தில் எந்தக் குளிசை எப்போது என்று சொல்கிறோம். நாளுக்கு எத்தனை தடவை எழுப்ப வேண்டும் என்று சொல்வதில்லை.

சாப்பாட்டையும் அவளிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல்காரருக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது என்று வாரக்கணக்கில் கஞ்சியோடு வைத்திருப்பார்கள். தசை கட்டப் புரதம் வேண்டும். நோயில் கிடந்த முதியவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை என்பது இப்போதைய பரிந்துரை. வாவி மீனும் முட்டையும் பருப்பும் இருக்கிற ஊர் இது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும்.

எங்கள் வீடுகளும் வளவுகளும் நோய்ப்பட்ட காலுக்கு ஏற்றவை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியின் சீமெந்துத் தரையில் வாக்கர் பிடித்து நடந்து பழகியவர் வீட்டுக்கு வந்தால் அதன் நான்கு கால்களும் மணலில் புதைகின்றன. வளவின் மூலையில் குந்தும் மலசலகூடம்; தொடைப் பலம் போனவர் அதில் இருந்தால் எழும்ப மாட்டார், எழும்ப மாட்டோம் என்ற பயத்திலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், அதனால் பிரஷர் இன்னும் விழும். படுப்பது பாயில்; தரையிலிருந்து எழும்புவது எல்லாவற்றிலும் கடினம். இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டியதில்லை. விறாந்தையிலிருந்து மலசலகூடம்வரை இரண்டடி அகலத்தில் சீமெந்துப் பாதை, பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பு, குந்தும் குழிக்கு மேல் வைக்கும் ஓட்டைக் கதிரை, முழங்கால் உயரக் கட்டில், உறுதியான கைக்கதிரை. இவற்றில் கைக்கதிரைதான் மிகப் பெறுமதியானது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டுப் பத்துத் தடவை அதிலிருந்து எழும்பி இருப்பதே முழுமையான தொடைப் பயிற்சி. கையூன்றி எழும்புவதில் தொடங்கி, ஒரு கை, பிறகு கை இல்லாமல்.

வேலையும் பயிற்சிதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கரக் கதிரையில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. தொழுநோயில் மடங்கிப்போன விரலுக்குத் தசைநாணை மாற்றிக் கட்டுவது பாதி வேலை. அந்த விரலை மறுபடி பழக்குவது மீதி. எங்கள் வாவியின் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததை அறிந்த தலைமுறைக்கு அந்த மடங்கிய விரல்கள் நன்றாகத் தெரியும். பழக்கும்போது, நோயாளி முன்பு செய்த தொழிலிலிருந்தே அசைவுகளை எடுத்தால் அவர் ஆர்வத்தோடு செய்வார் என்பது மறுவாழ்வுத் துறையில் இருப்பவர்களின் அனுபவம். களுதாவளையில் அதற்குப் பஞ்சமில்லை. பாரிசவாதம் வந்த தோட்டக்காரர் கதிரையில் நிமிர்ந்திருந்து, பலவீனமான பக்கத்தில் வைத்த கூடையை எட்டி, வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்துப் பதம் பார்த்து அடுக்கட்டும். இடுப்பின் சமநிலை, தோளின் நீட்டம், விரலின் நுண்மை, கண்ணின் கவனம் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. இருபது இலைக்குப் பிறகு கை சோர்ந்தால் நிறுத்தலாம். நாளைக்கு இருபத்தைந்து.

நடைக்கும் அப்படி ஓர் இலக்கு இருந்தால் நல்லது. "நடவுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்க மாட்டார்கள். முதலில் கட்டிலிலிருந்து விறாந்தை, பிறகு கடப்படி, பிறகு வீதி, தேறியதும் பிள்ளையார் கோயில் வாசல். கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் கூட்டத்தில் எத்தனையோ நரைத்த தலைகளைப் பார்க்கிறோம்; போய்ச் சேர ஓர் இடம் இருப்பதால்தான் அந்தக் கால்கள் நடக்கின்றன.

வாட்டில் ஒவ்வொரு கட்டிலிலும் குறிப்பு அட்டை தொங்குகிறது. காய்ச்சல், நாடி, பிரஷர், குடித்த நீர், போன சிறுநீர் எல்லாம் அதில் நேரம் போட்டு எழுதப்படுகின்றன. அவற்றோடு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: இன்று எத்தனை தடவை கட்டிலை விட்டு இறங்கினார், எவ்வளவு தூரம் போனார், யாருடைய உதவியோடு. எழுதும் இடம் இருந்தால் கேட்கும் பழக்கம் வரும். கேட்டால் செய்யும் பழக்கம் வரும். மருத்துவர் காலைச் சுற்றில் அந்த வரியையும் பார்ப்பார், நேற்றைவிடக் குறைந்திருந்தால் ஏன் என்று விசாரிப்பார். துண்டு வெட்டும் நாளில் அதே வரி கிளினிக் கொப்பியில் ஏறி வீட்டுக்குப் போகட்டும். அதைப் படிக்கும் மகளுக்கு, நாளை காலை அப்பாவை எங்கிருந்து தொடங்கி எதுவரை நடத்துவது என்று தெரிந்திருக்கும்.